குதிரைக்கு மாறிய பேய்

இதில் எவ்வளவு எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. குதிரை வெள்ளை என்றுதான் மனதில் தங்கியிருக்கிறது. ஆனால் பவளத்தம்மாள் ஒருமுறை அதைச் சாம்பல் நிறம் என்றாள். இன்னொரு முறை அழுக்கேறிய வெள்ளை என்றாள். வருடமும் உறுதியில்லை. ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ இருக்கலாம். உத்திரமேரூருக்கு பஸ் வந்துவிட்டது, அவள் வாழ்க்கைப்பட்ட காவாந்தண்டலத்துக்குள் இன்னும் வரவில்லை என்ற காலம். அவள் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்திவிடுவாள். அப்புறம் வெகுநேரம் பேச்சிருக்காது. அந்த இடைவெளிகளில் நானாக இட்டு நிரப்பியதும் இதில் சேர்ந்திருக்கும். நாற்றங்களை மட்டும் அவள் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை. அதனால் நாற்றத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் நாற்றம் மல்லிகைப்பூவுடையது.

பவளத்துக்கு முதல் பிள்ளை ஆணாகப் பிறந்தது. தீட்டுக் கழித்துப் பெயர் வைப்பதற்குள் ஜுரம் கண்டு, ஒரு விடியலில் போய்விட்டது. பிள்ளை போனது அவள் உடம்புக்குத் தெரியவில்லை. பால் சுரந்துகொண்டே இருந்தது. மாமியார் தாயாரம்மாள் மல்லிகைச் சரம் வாங்கிவரச் சொல்லி, மருமகளின் மார்பில் அடுக்கி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு அந்தப் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். சித்திரை வெயில். காலையில் கட்டிய பூ மதியத்துக்குள் வியர்வையிலும் பாலிலும் ஊறி, பழுப்பாகி, சாராயத்துக்குப் போட்ட ஊறல் போலப் புளித்து நாறியது. கட்டை அவிழ்த்தால் இதழ்கள் தோலோடு ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை வழித்துப் போட்டுவிட்டு தாயாரம்மாள் புதுச் சரத்தை வைப்பாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ பவளம். வத்திப்பூடும்" என்பாள்.

வற்றியது. ஆனால் அந்த நாற்றம் பூவோடு போகவில்லை. வீட்டுக்குள் கிளம்பி ஒவ்வொன்றின் மேலும் போய் உட்கார்ந்துகொண்டது.

துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். "போனது போச்சி. வயசா இல்ல, அடுத்த வருசமே ஒண்ணு பெத்துக்கலாம்" என்றாள் ஒருத்தி. சொல்லும்போது உதட்டோரத்தில் வழிந்த சிவப்பு எச்சிலைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையாலேயே பவளத்தின் கன்னத்தைத் தடவினாள். "கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல பாரேன்" என்று இன்னொருத்தி, அவள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள். பவளம் எழுந்து கிணற்றடிக்குப் போய்ச் சாம்பலை எடுத்துக் கன்னத்தைத் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு உலை கொதிக்கும் வாடை குமட்டியது. தலைக்கு வைக்கும் எண்ணெய் குமட்டியது. புருஷன் ராஜாராமின் வாயில் அடிக்கும் பீடி, பாயில் படிந்த ஆள் வாடை, எதுவும் ஆகவில்லை. தன் கையே தனக்கு ஆகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. சோற்றை உருட்டி வாயில் வைத்தால், வேறு யாரோ மென்று கொடுத்ததைத் தின்பது போலிருந்தது. பேச்சும் அப்படித்தான். மற்றவர்கள் வாயில் புரண்டு வந்த சொற்களை எடுத்து நம் வாயில் போட்டுக்கொள்வதா என்று தோன்றியது. பேசுவதை விட்டுவிட்டாள். நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

தாயாரம்மாள் கெட்டவள் இல்லை. பயந்துபோனாள், அவ்வளவுதான். பேய் என்று எடுத்த எடுப்பில் சொல்ல அந்த ஊரில் நாக்கு வராது, காத்து என்பார்கள். மகனைக் கூப்பிட்டு, "இது காத்துதான் நைனா. வெறும் வயித்தோட எவ்ளோ நாளு குந்திக்கினு இருப்பா? மாகறல் போற வயில பூசாரி முனிரத்தினம் கீறாரே, அவராண்ட இட்டுக்கினு போ" என்றாள்.

முனிரத்தினத்தின் இடம் செய்யாற்றங்கரையில் ஒரு புளியமரத்தடி. ராஜாராமுக்கு நிலத்தோடு ஒரு ஜட்கா வண்டியும் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் அதில் அவளை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனான். மிளகாய்ப் புகை போட்டார்கள். வேப்பங்கொத்தால் அடித்தார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கண்ணில் பிழிந்தார்கள். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. முனிரத்தினம் விபூதி கரைத்த தண்ணீரை வாயில் அடக்கி அவள் முகத்தில் துப்புவான். கள்ளும் சொத்தைப் பல்லும் கலந்த வாடையோடு அந்தத் தண்ணீர் மூக்கு வழியாக உதட்டுக்கு இறங்கும். துப்பிவிட்டு, "யாரு நீ? பேரச் சொல்லு" என்று கேட்பான். பெயரைச் சொல்லிவிட்டால் பேய் கட்டுப்பட்டு இறங்கிவிடும் என்பது கணக்கு. பவளம் எதையும் சொல்லவில்லை. கடைசியில் அவள் உச்சிமயிரில் ஒரு கொத்தைப் பிடுங்கி, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தான்.

அடித்த அடிகள் பின்னால் அவளுக்கு மறந்துபோயின. காணிக்கைக் கோழியைத் தலைகீழாகப் பிடித்தபடியே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு நின்ற புருஷன் மறக்கவில்லை. கோழி பயத்தில் அவன் காலில் எச்சமிட்டது. அதைக்கூடத் துடைக்காமல் பக்தியாக நின்றான்.

அந்த ஜட்காவை இழுத்த குதிரைக்குத் தொரை என்று பெயர். மெட்ராசில் கிண்டியில் பந்தயம் ஓடி, கால் பழுதானதும் விலக்கித் தள்ளிய குதிரை. பல கை மாறி ராஜாராமிடம் வந்திருந்தது. சாட்டையைக் கண்ணெதிரே காட்டினாலே போதும், விழியின் வெள்ளை தெரிய உடம்பெல்லாம் உதறும். அதனால் அவன் சாட்டை இல்லாமலே ஓட்டப் பழகியிருந்தான். ஆற்றங்கரை மணலில் வாரா வாரம் வண்டியை இழுத்ததில் சேணம் உரசி அதன் முதுகில் புண் வந்தது. பவளத்தைச் சொஸ்தமாக்கப் போன வழியில் வந்த புண். சேணத்தடியில் சாக்கை மடித்து வைத்து மேலும் ஓட்டினார்கள். புண் பழுத்து, ஈ மொய்த்து, புழு வைத்தது. வண்டியில் பூட்ட முடியாமல் போனதும் தோட்டத்துக் கொட்டகையில் கட்டினார்கள். நாற்றம் தாங்காமல் தாயாரம்மாள் பின்கட்டுக் கதவைச் சாத்தியே வைத்தாள்.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு பவளம் போனாள்.

ஏன் போனாள் என்று நான் கேட்டிருக்கிறேன். அவள் முற்றத்துக் காக்கையைக் கையசைத்து விரட்டினாள். பிறகு, "வூட்ல எல்லாந்தான் நாறுச்சி. யாரும் நாறுதுன்னு ஒத்துக்கல. அது நாறிக்கினு சும்மா நின்னுது" என்றாள்.

முதல் சில நாட்கள் கொட்டகையின் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்ததோடு சரி. குதிரை ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தது. மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டது. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மண்ணில் ஊன்றிக்கொண்டு, மறுபடி தன் வேதனைக்குள் போய்விட்டது. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அடுத்தது பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. ஈ உட்கார்ந்த இடத்தில் மட்டும் தோல் சுருங்கி விரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொழுது போவது தெரியவில்லை.

குதிரைக்குப் புல் அறுத்துக்கொண்டு வருபவள் சேரியிலிருந்து வரும் செங்கேணி. முன்வாசல் வழியாக வரக்கூடாதவள் என்பதால் தோட்டத்து வேலியைச் சுற்றிக்கொண்டு வருவாள். கூலி நெல்லைத் தாயாரம்மாள் தொட்டுவிடாதபடி உயரத்திலிருந்து அவள் முந்தானையில் கொட்டுவாள். பவளமும் அப்படித்தான் கொட்டிப் பழகியவள்.

கொட்டகையில் பவளம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் செங்கேணி வேலியோரமே நின்றுவிட்டாள். பேய் பிடித்தவளிடம் போகப் பயம். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"எட்ட குந்துங்க சின்னம்மா. ஒதச்சா மூஞ்சி பூடும்" என்றாள். பவளம் நகரவில்லை. "இன்னாத்த அப்டிப் பாக்கிறீங்க? புழுவையா? எங்க தெருவுல ஒருத்தனுக்கு முதுகு இப்டி ஆயிருந்தா இன்னேரம் தப்பு அடிச்சி எட்த்துக்கினு போயிருப்பாங்க. இது தொர. அதான் நின்னுக்கினு கீது." புல்கட்டைத் தலையிலேயே சரிசெய்துகொண்டாள். "எலைய அரச்சி வெச்சா புழு பொலபொலன்னு வுழுந்துடும். யாரு வெக்கிறது? ஆண்டைக்குக் குமட்டுதாம்."

"எந்த எல?" என்றாள் பவளம்.

செங்கேணி தலையிலிருந்த புல்கட்டைக் கீழே போட்டுவிட்டாள். அத்தனை நாள் திறக்காத வாய் அது. குரல் துருவேறியது போல வந்தது.

"சீத்தா எல" என்றாள் செங்கேணி, கட்டைப் பொறுக்கவும் மறந்து. "அது ஊருக்கே தெரியுமே."

பவளம் அன்றைக்கே சீத்தா இலையைப் பறித்து அரைத்தாள். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரால் புண்ணைக் கழுவி, விழுதைக் குழைத்து வைத்தாள். புழுக்கள் நெளிந்து வெளியே வந்து விழுந்தன. விழாதவற்றைத் துடைப்பக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். தன் கையைப் பார்க்கவே கூசியவள் அந்தக் கையைச் சீழுக்குள் விட்டாள். குமட்டவில்லை. குதிரை தலையைத் திருப்பி அவள் தோளில் பல்லை வைத்தது. கடிக்கவில்லை, வைத்துக்கொண்டே இருந்தது. அழுத்தினால் எலும்பு உடையும் என்று அவளுக்குத் தெரியும். நகரவில்லை. வலி தாங்கும் வரைக்கும் பல் அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டது. தோள்பட்டையில் ஈரம் மட்டும் இருந்தது. அதை அவள் கழுவவில்லை.

தினமும் போனாள். சாணத்தை அள்ளினாள். வைக்கோலைச் சுருட்டி உடம்பைத் தேய்த்துவிட்டாள். இருவருக்கும் பேச்சில்லை. குதிரையின் கழுத்துக்கடியில் முகத்தை வைத்தால் புல், வியர்வை, தூசு, இவற்றின் வாடைதான் வந்தது. அது அதனுடைய வாடை; எதையும் மறைக்கப் பூசியது இல்லை. ஒரு மத்தியானம் வைக்கோலில் சாய்ந்து, பிள்ளை போன பிறகு முதல்முறையாக நன்றாகத் தூங்கினாள்.

கொள்ளு ஊறவைத்து வாளியில் வைப்பாள். குதிரை மூக்கை வாளிக்குள் விட்டுத் தின்னும் சத்தம் ஒழுங்காக, அவசரமில்லாமல் கேட்கும். ஒரு நாள் அது தின்று முடிக்கும் முன்பே, அதன் வாய்க்குப் பக்கத்திலேயே கையை விட்டு ஒரு பிடி கொள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். மண்வாடையும் குதிரையின் எச்சில் நுரையும் சேர்ந்த கொள்ளு. இறங்கியது. இன்னொரு பிடி எடுத்தாள். கதவோரத்தில் நின்று பார்த்த தாயாரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி, முற்றத்து மூலையில் ஓக்காளித்தாள்.

"குதுர எச்சியத் துன்றாடா" என்று மகனிடம் சொல்லி அழுதாள். "மனுச சோறு ஆவல அவுளுக்கு."

ஆனால் ஆடி மாதம் பிறப்பதற்குள் மனிதச் சோறும் ஆயிற்று. முதலில் கொட்டகையில் உட்கார்ந்து நீர்ச்சோறு. பிறகு அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கரண்டி. கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொன்னாள். குதிரையின் புண் மூடி, மயிர் முளைக்காத பளபளப்பான தழும்பாகக் காய்ந்தது. அவள் விரலிடுக்கு வெடிப்பும் ஆறியது. நாற்றம் முழுக்கப் போய்விடவில்லை. தாங்கும்படியாக ஆகியிருந்தது.

அவள் பிழைத்ததுதான் குதிரைக்கு வினையாக வந்தது.

தாயாரம்மாள் சந்தோஷத்தோடு ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு முனிரத்தினத்திடம் போனாள். அவன் சேவலை வாங்கிக் கூடையில் கவிழ்த்துவிட்டு யோசனையாகக் கேட்டான். "வுட்டுப்போச்சி, செரி. எங்க போச்சின்னு பாத்தியாம்மா?"

"புளியமரத்துல ஆணி அட்ச்சீங்களே."

"அட்ச்சேன். அட்ச்சி எவ்ளோ நாளு கயிச்சி வுட்டுது? மரத்துக்கு வந்திருந்தா அன்னிக்கே வந்திருக்கணும். வர்ல. அப்ப வேற எங்கியோ மாறிக்கிச்சி. எத்தக் கட்டிக்கினு கெடந்தா உன் மருமவ?"

தாயாரம்மாளுக்குக் கொள்ளு வாளி கண்முன் வந்தது. ஒரு வாளி, இரண்டு வாய்.

முனிரத்தினம் ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட்டால் எளிதாகப் போய்விடும். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. மறுநாளே நடந்து வந்தான். கொட்டகைக்குள் போய், வழக்கம்போல வாயில் விபூதித் தண்ணீரை அடக்கி, குதிரையின் முகத்தில் துப்பினான். தொரை காதுகளை மடக்கிப் பின்னுக்குச் சாய்த்து அவன் புஜத்தைக் கவ்வியது. சட்டை கிழிந்து ரத்தம் வந்தது. மனிதன் நிஜமாகவே நடுங்கிப்போனான்.

"அதேதான்" என்றான். "கண்ணப் பாரு. அதேதான் பாக்குது."

முடிவு அங்கேயே சொல்லப்பட்டது. பேய் குதிரைக்கு மாறியிருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் பவளம் மறுபடி முழுகாமல் இருக்கும்போது அவள் வயிற்றுக்குத் திரும்பும். விற்கவும் கூடாது, வாங்குகிறவன் குடி கெடும். அமாவாசை உச்சிப்பொழுதில் கோழி ரத்தம் தடவி, சாட்டையால் அடித்துச் செய்யாற்றைத் தாண்டித் துரத்திவிட வேண்டும். திரும்பி வராதபடி கரையில் முள் போட வேண்டும். பிறகு யாரும் அதற்குத் தண்ணீரோ புல்லோ காட்டக்கூடாது. அக்கரை ஊர்க்காரர்களுக்கும் சொல்லி அனுப்பிவிடலாம்; அவர்கள் கல்லால் அடித்து மேலே விரட்டிக்கொள்வார்கள்.

பவளம் ராஜாராமிடம் பேசினாள். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். "அது குதுரங்க. புண்ணு வந்து ஆறுன குதுர. மூஞ்சில துப்புனா கடிக்காதா?"

"உனுக்குத் தெரியாது பவளம். உன் ஒடம்புல இருந்துது. உனுக்கு எப்டித் தெரியும்?"

"எனுக்கு இருந்தது பேயி இல்ல."

"பின்ன இன்னா?"

அதற்கு அவளிடம் பெயர் இல்லை. தேடிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த சொற்களில் அதற்கென்று ஒன்றும் இல்லை. "எல்லாம் நாறுச்சி" என்றாள் கடைசியில்.

"இப்ப?"

"கொறஞ்சிருக்குது. அதாலதான் கொறஞ்சிது."

"அத்தத்தான பூசாரியும் சொல்றாரு" என்றான் ராஜாராம். அவள் தலையில் கையை வைத்தான். அன்பாகத்தான் வைத்தான். "அடுத்த கொயந்த நல்லா இருக்க வோணாமா? எனுக்கு மட்டும் தொரைய வுட மனசா? உனுக்கோசரந்தான்." அந்தக் கையின் மெத்தென்ற சூடு அவள் மண்டைக்குள் இறங்கியது. வேப்பங்கொத்து அடி இவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை.

அமாவாசை உச்சிக்கு ஆற்று மணல் கொதித்தது. நடுவில் முழங்காலளவு தண்ணீர் ஓடையாகப் போய்க்கொண்டிருந்தது. ஊரில் பாதி கரையில் நின்றது. செங்கேணியும் அவள் தெருக்காரர்களும் தூரத்து மேட்டில் தனியாக நின்றார்கள். பவளம் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பின்கட்டுக் கதவு வழியாக வந்து கூட்டத்தில் நின்றாள்.

தொரையின் கழுத்தில் வேப்பிலை மாலை. ஆறிய தழும்பின் மேல் கோழி ரத்தம் வழிந்து, ஈக்கள் பழைய இடத்தைக் கண்டுபிடித்து வந்துவிட்டன. கயிற்றைப் பிடித்திருந்த ராஜாராம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பம்பை அடித்தார்கள். முனிரத்தினம் சாட்டையைச் சுழற்றி ஒருமுறை வெறும் காற்றில் அடித்தான். குதிரையின் விழி வெள்ளை தெரிந்தது. உடம்பு உதறியது. மூத்திரம் விட்டது. யாரோ சிரித்தார்கள்.

"பாரு, பயப்புடுது பேயி" என்றது ஒரு குரல்.

பவளம் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

யோசித்துச் செய்ததில்லை என்றுதான் என்னிடம் சொன்னாள். எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் மற்ற பெண்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறாள். எப்படி ஆடவேண்டும் என்று தெரியும். தலையைச் சுழற்றினாள். மயிர் முகத்தில் அடிக்க, மணலில் நடுவே வந்து நின்றாள். "யாரத் தொறத்துற?" என்றாள். "நானு அதுங்கிட்ட இல்ல. இங்கதான் கீறேன்."

பம்பை நின்றது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. ராஜாராம் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து அவள் முன்னால் மணலில் விழுந்தான். "தாயே, இன்னா வோணும் சொல்லுங்க. செய்றேன். சொல்லுங்க" என்றான். அவளிடம் ஒரு நாளும் வராத மரியாதை பேயிடம் தானாக வந்தது. நேற்று அவள் கெஞ்சியபோது தலையைத் தடவிவிட்டவன், இன்று அவள் காலடி மணலை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டான்.

முனிரத்தினம் சாட்டையைப் போட்டுவிட்டு எலுமிச்சையை எடுத்தான். முன்பு இதெல்லாம் ஒரு மூட்டத்துக்குள் நடந்தது. இப்போது அவள் தெளிவாக இருந்தாள், ஒவ்வொன்றையும் பார்த்தாள். அவன் நகத்தடியில் காய்ந்திருந்த கோழி ரத்தம். பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் தூள். சாறு கண்ணில் விழுந்து எரிந்தது. வேப்பங்கொத்து முதுகில் விழுந்தது. அவன் கன்னம் உப்பியது. துப்பினான். தண்ணீர் உதட்டில் இறங்க, அதை விழுங்கிக்கொண்டே நின்றாள்.

"யாரு நீ? பேரச் சொல்லு."

இதை அவள் நினைத்து வைத்திருக்கவில்லை. செத்தவர்கள் பெயர் ஒன்றைச் சொல்ல வேண்டும். தூக்கு மாட்டிக்கொண்டவள், கிணற்றில் விழுந்தவள், ஊரில் எத்தனையோ பேர். ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

"பேரு" என்றான் முனிரத்தினம், இன்னும் நெருங்கி.

"எனுக்குப் பேரு வெக்கல" என்றாள். "வெக்கிறதுக்குள்ள எட்த்துக்கினு போயி பொதச்சிட்டீங்க."

கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தாயாரம்மாள் மணலில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டாள். பிள்ளை போன அன்றைக்கும் அழாதவள், மருமகளின் மார்பில் பூவை மாற்றிக் கட்டிக்கொண்டே இருந்தவள், இப்போது, "அய்யோ எங்கண்ணு, வெயில்லயா நிக்கிற" என்று கையை நீட்டினாள்.

பவளத்துக்குத் தன் மேலேயே வாந்தி வந்தது. பிள்ளையை எடுத்து இந்தக் கூட்டத்தின் நடுவில் ஆடவிட்டேனே என்று வந்தது. ஆனால் நிறுத்த முடியாது. குதிரை கயிறு தரையில் இழுபட அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"இன்னா வோணும் கண்ணு? கேளு" என்றாள் தாயாரம்மாள்.

"குதுர" என்றாள் பவளம். "அது எனுக்கு. அத்த யாரும் அடிக்கக் கூடாது. வண்டில பூட்டக் கூடாது. எங்கம்மா இவதான் பாத்துக்கணும்."

"செரி கண்ணு. செரி."

முனிரத்தினம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அவனுக்குப் புரிந்ததா என்று அவளுக்குத் தெரியாது. கட்டுப்போட்டிருந்த புஜத்தைத் தடவிக்கொண்டு, "கொயந்த கேக்குது. குடுத்துடுங்க" என்றான். விபூதியை எடுத்தான். இந்த முறை துப்பவில்லை. விரலால் நெற்றியில் இட்டான்.

பவளம் மணலில் சாய்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எலுமிச்சைச் சாறால் வந்ததா என்று முதலில் நினைத்தாள். சாறு கழுவிப்போன பின்பும், வீடு வந்த பின்பும், அது நிற்கவில்லை. குதிரையின் முதுகிலிருந்த ரத்தத்தை அழுதுகொண்டேதான் கழுவினாள்.

மறுநாள் செங்கேணி புல்கட்டை இறக்கி வைத்துவிட்டு வேலியோரம் நின்றாள். "பேயிக்குக் கெடைக்கிற மருவாதி எனுக்குக் கெடச்சா, நானும் ரெண்டு மூட்ட நெல்லு கேட்டிருப்பேன் சின்னம்மா" என்றாள். முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. பவளம் உள்ளே போய் நெல் எடுத்து வந்தாள். குனிந்து, அவள் கையில் கை பட, முந்தானையில் வைத்தாள். செங்கேணி பயந்து கதவைப் பார்த்தாள். தாயாரம்மாள் அங்கே இல்லை. பேரன் கேட்ட குதிரைக்கென்று கொள்ளு ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

தொரை அதற்கப்புறம் வண்டி இழுக்கவில்லை. சில மழைக்காலம் இருந்து, ஒரு மார்கழியில் படுத்து எழுந்திருக்கவில்லை. தாயாரம்மாள் அதைத் தோலுரிக்கக் கொடுக்காமல் தோட்டத்திலேயே புதைக்கச் சொன்னாள். அமாவாசை தோறும் அந்த இடத்தில் கொள்ளு வைத்துக் கும்பிட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பவளம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கிழவி அடுத்த கோடையில் இறந்தாள். முனிரத்தினம் கண் தெரியாமல் போய் மகன் வீட்டில் கிடந்து செத்தான். செங்கேணி பிள்ளைகளோடு மெட்ராசுக்குப் போய்விட்டாள். அங்கே வீட்டு வேலை செய்தாள் என்று கேள்வி. ராஜாராம் ஜட்காவை விற்றுவிட்டு நிலத்தோடு இருந்தான். அன்றைக்கு ஆற்றில் பேசியது யார் என்று அவன் மனைவியைக் கடைசிவரை கேட்கவில்லை. பவளத்துக்குப் பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள், இரண்டும் தங்கின. அவள் வயதாகி, சென்ற தை மாதம் தூக்கத்தில் போனாள். மல்லிகை வாடை அவளுக்கு ஆகாது என்று பெண்கள் சொல்லி வைத்திருந்ததால் அவள் மேல் யாரும் பூப் போடவில்லை.